செலவு கைக்குள் நிற்க, அவசரகால மளிகை சேர்ப்பது எப்படி?

அவசரத்துக்குக் கொஞ்சம் மளிகை வாங்கி வைக்கலாம் என்று நினைத்ததும் எல்லோரும் கிளம்புவது கடைக்குத்தான். போகாதீர்கள், இந்த வாரம் மட்டுமாவது. முதலில் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு சமையலறையில் இருக்கும் எல்லா டப்பாக்களையும் திறந்து பாருங்கள். இந்த நிமிடத்திலிருந்து கடை இல்லை, கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். உள்ளதை வைத்து வீட்டில் எல்லோருக்கும் எத்தனை வேளை சாப்பாடு போடலாம்? பொருள் பொருளாக எண்ணாமல் வேளை வேளையாக எண்ணினால்தான் நிலவரம் தெரியும். அரிசி பத்து நாளைக்கு வரும், பருப்பு இரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்றால் உங்கள் கையிருப்பு இரண்டு நாள்தான், மிச்ச எட்டு நாளும் வெறும் சோறு.

நான் முதல் முறை எண்ணியபோது கிடைத்தது இது: மூன்று பாக்கெட் நூடுல்ஸ், மூன்றும் பாதி காலி. எண்ணெய் பாட்டிலின் அடியில் இரண்டு விரல் உயரம். மசாலாத் தூள் மட்டும் ஒரு வருடத்துக்குக் காணும். அலமாரியைத் திறந்தால் சாமான் பிதுங்கி வழிகிறது, ஆனால் நான்கு பேருக்கு ஒழுங்காக மூன்று நாள் சமைக்க முடியாது. அதுவரை நம் வீட்டில் எல்லாம் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவசரம் என்றால் புயல், வெள்ளம், நிலநடுக்கம் என்றுதான் மனம் ஓடும். எங்கள் வீட்டில் இந்த அலமாரி முதலில் கைகொடுத்தது சம்பளம் இருபது நாள் தள்ளிப்போன ஒரு மாதத்தில். அடுத்த முறை, வீட்டில் எல்லோரும் காய்ச்சலில் படுத்து, கடைக்குப் போக ஆளில்லாமல் போன ஒரு வாரத்தில். அதனால்தான், வாளியில் அடைத்து, 25 வருடம் கெடாது என்று எழுதி விற்கிறார்களே, அந்த மாதிரிப் பொருள்களை ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வதில்லை. விலை கூடுதல், அன்றாடம் சாப்பிடாத ருசி, அதோடு அந்த வாளியைத் திறக்க யாருக்கும் மனசே வராது. நீங்கள் தினமும் சமைப்பதையே கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டு, பழையதை எடுத்துச் சமைத்துப் புதியதை அந்த இடத்தில் வைத்துக்கொண்டே போவதுதான் குறைந்த செலவில் நடக்கிற வழி.

இலக்கைப் பெரிதாக வைக்காதீர்கள். முதலில் மூன்று நாள். அது நிறைந்ததும் ஒரு வாரம். அப்புறம் இரண்டு வாரம். பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு வாரம் போதும். ஆறு மாதச் சாப்பாடு சேர்த்து வைத்திருப்பவர்களின் படங்களைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தால் முதல் மாதமே பர்ஸ் காலியாகி ஆசையும் போய்விடும்.

தண்ணீர்தான் முதல்

சாப்பாட்டுக்கு முன்னால் தண்ணீர். காசு செலவே இல்லாமல் இன்றைக்கே செய்து முடிக்கக்கூடிய ஒரே வேலை இது என்பதால் இதைத் தள்ளிப்போடக் காரணமே இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு. ஏறக்குறைய பாதி குடிக்க, பாதி சமைக்கவும் கை கழுவவும். நான்கு பேர், மூன்று நாள் என்றால் 48 லிட்டர். வெயில் காலத்திலும், பால் கொடுக்கும் தாயோ நோயாளியோ இருக்கும் வீட்டிலும் இன்னும் கூட வேண்டும்.

குளிர்பானம் வந்த இரண்டு லிட்டர் பாட்டில்கள் இதற்கு அருமையானவை. சோப்பு போட்டுக் கழுவி, நன்றாக அலசி, குடிநீரை விளிம்பு வரை நிரப்பி, மூடியை இறுக்கி, இருட்டான இடத்தில் வையுங்கள், மேலே தேதி எழுதி. பால் வந்த பாட்டில் வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்து கிருமி வளரும். பினாயிலோ பூச்சிமருந்தோ இருந்த கேனைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பிக்கொள்ளுங்கள்.

சந்தேகமான தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்ற நிலை வந்தால், கலங்கலைத் தெளியவிட்டுத் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே உள்ள மலைப்பகுதியில் மூன்று நிமிடம், ஏனென்றால் அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். அடுப்பே இல்லை என்றால், வாசனை சேர்க்காத, 5 முதல் 6 சதவீதம் வலுவுள்ள வீட்டு பிளீச்சை லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டுக் கலக்கி அரை மணி நேரம் காத்திருக்கலாம். இவை இரண்டும் கிருமிக்கு மட்டும்தான். தண்ணீரில் ரசாயனம் கலந்திருந்தால் கொதிக்க வைத்தும் பயனில்லை.

ஒரு ஆளுக்கு எவ்வளவு?

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு சுமார் 2,000 கலோரி என்று வைத்துக்கொள்வோம். அரிசியிலும் கோதுமையிலும் 100 கிராமுக்கு 350 கலோரிக்குப் பக்கமாக இருக்கிறது, பருப்பிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். எண்ணெயில் 900, நிலக்கடலையில் 560க்கு மேல், சர்க்கரையில் 400க்குப் பக்கம். அரிசி 300 கிராம், பருப்பு 100 கிராம், நிலக்கடலை 50 கிராம், எண்ணெய் 30 கிராம், சர்க்கரை 30 கிராம் என்று கூட்டினால் 2,000ஐ ஒட்டி வந்துவிடும். இதுதான் ஒரு நாள். அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, ஓட்ஸ், பாஸ்தா, உங்கள் வீட்டில் எது ஓடுமோ அது.

பெருக்கிப் பாருங்கள். நான்கு பேர், மூன்று நாள் என்றால் அரிசி 3.6 கிலோ, பருப்பு 1.2 கிலோ, கடலை 600 கிராம், எண்ணெயும் சர்க்கரையும் 360 கிராம் வீதம். அவ்வளவுதான், ஒரு பையில் அடங்கிவிடும். இரண்டு வாரத்துக்குப் போனால் அரிசி 17 கிலோ, பருப்பு 5.6 கிலோ, கடலை 2.8 கிலோ, எண்ணெய் இரண்டு லிட்டருக்குள், சர்க்கரை 1.7 கிலோ. சின்னப் பிள்ளைகளுக்குக் குறையும், உடலுழைப்பு உள்ளவருக்குக் கூடும். இது தாங்குவதற்கான அளவு, விருந்துக்கான அளவு இல்லை.

எண்ணெயை மட்டும் யாரும் பொருட்படுத்துவதில்லை. மற்றதெல்லாம் இருந்தும் எண்ணெய் இல்லாத சாப்பாட்டில் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். கொஞ்ச இடத்தில் இவ்வளவு சக்தியை அடக்கும் பொருள் அலமாரியில் வேறு எதுவும் இல்லை.

வாங்குகிற வரிசை

இனிமேல் கடைக்குப் போகலாம். வழக்கமான பட்டியலோடு போங்கள், அதில் ஏதாவது ஒரே ஒரு பொருளை மட்டும் கூடுதலாக ஒன்று எடுங்கள். பருப்பு ஒரு பாக்கெட் வாங்கும் வாரத்தில் இரண்டு பாக்கெட். அடுத்த வாரம் எண்ணெய். அதற்கடுத்த வாரம் உப்பும் சர்க்கரையும், இவை இரண்டும் மலிவு, ஈரம் படாமல் வைத்தால் கெடவே கெடாது. வாரத்துக்கு ஒரு பொருள் என்று போனால் இரண்டு மூன்று மாதத்தில் மூன்று நாள் கையிருப்பு தன்னால் வந்திருக்கும், மாதச் செலவில் பெரிதாக இடித்திருக்காது. கூடுதலாக ஒரு பொருள் வாங்கக்கூட முடியாத வாரமா, விட்டுவிடுங்கள். கடன் வாங்கியோ கார்டைத் தேய்த்தோ இதைச் செய்யக் கூடாது என்பதில் நான் கொஞ்சம் கறார்.

சாதமும் பருப்புமாக அடித்தளம் வந்த பிறகு, அடுப்பு இல்லாமலே சாப்பிடக்கூடியவற்றைச் சேருங்கள். வறுத்த கடலை, பிஸ்கட், அவல், பேரீச்சம்பழம், பால் பவுடர், டின்னில் அடைத்த மீனோ வேகவைத்த பயறோ. டின் பயறு விலை கூடுதல்தான், ஆனால் அது ஏற்கெனவே வெந்தது. எரிபொருளும் தண்ணீரும் மிச்சம் என்று பார்த்தால் நான்கைந்து டின் வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. கடைசியாக டீத்தூள், காபித்தூள், கொஞ்சம் மிட்டாய், ஊறுகாய். இதெல்லாம் ஆடம்பரம் என்று சிலர் சொல்வார்கள். இருட்டில் மூன்றாவது நாள் உட்கார்ந்திருக்கும்போது ஒரு டம்ளர் சூடான டீ என்ன செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

விலையைப் பார்க்கும்போது பாக்கெட் விலையைப் பார்க்காமல் கிலோ விலையைப் பாருங்கள். பெரிய பாக்கெட்தான் எப்போதும் லாபம் என்பதும் இல்லை, சில சமயம் சின்னது இரண்டு வாங்கினால் குறையும். தள்ளுபடியில் கிடைக்கிறது என்பதற்காக வீட்டில் யாரும் தொடாத பொருளை வாங்குவது சுத்த நஷ்டம். ஒரு டஜன் காய்கறி சூப் டின் அப்படி வாங்கினேன். பதினொன்று தேதி முடிந்து போயிற்று. பன்னிரண்டாவது எப்படித் தீர்ந்தது என்றால், அதைச் சுவைத்துப் பார்த்துதான் மிச்சம் பதினொன்று அப்படியே நின்றது.

மூட்டையும் வண்டும்

மூட்டையாக வாங்கினால் மலிவு என்று ஒரு முறை 25 கிலோ அரிசி வாங்கி, மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே மூலையில் நிறுத்தி வைத்தேன். மூன்று மாதம் கழித்துக் கையை உள்ளே விட்டபோது அரிசி வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு பிடி அள்ளித் தட்டில் பரப்பினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தால் அங்கங்கே ஓர் அரிசி நகர்கிறது. தூக்கிப் பார்த்தால் அதில் ஊசி குத்தியது போல ஒரு துளை, தட்டின் அடியில் மாவு போல மெல்லிய தூசி. வண்டு வெளியிலிருந்து வந்ததில்லை. அரிசியின் உள்ளேயே முட்டையாக வீட்டுக்கு வந்து, மூட்டைக்குள்ளேயே பொரித்துப் பெருகியிருக்கிறது. வண்டு மூச்சுவிடும் சூடுதான் அந்த வெதுவெதுப்பு.

அதிலிருந்து வழக்கம் மாறிவிட்டது. புதிதாக வாங்கிய அரிசி, மாவு, பருப்பை அளவாகப் பிரித்துக் காற்றுப்புகாத பையில் போட்டு ஃப்ரீஸரில் ஒரு வாரம் வைக்கிறேன். மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள் இருந்தாலே முட்டை உட்பட எல்லாம் செத்துவிடும். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்கக் கூடாது, இது முக்கியம். குளிர்ந்த பையைத் திறந்தால் காற்றிலுள்ள ஈரம் தானியத்தின் மேல் வியர்வை மாதிரி படியும், அது பூஞ்சைக்கு வழி. மூடியபடியே ஒரு நாள் வெளியில் வைத்து, சூடு சமமான பிறகு டப்பாவில் கொட்டுங்கள். ஃப்ரீஸர் இல்லாதவர்கள் மூட்டை வாங்க வேண்டாம். இரண்டு மூன்று மாதத்தில் தீரும் அளவே போதும், அல்லது ஒரு மூட்டையைச் சொந்தக்காரர்களோடு பங்கு போட்டுக்கொள்ளலாம்.

வண்டு தவிர மிச்ச எதிரிகள் ஈரம், சூடு, வெளிச்சம், காற்று, எலி. ஈரத்துக்கும் எலிக்கும் ஒரே மருந்து, இறுக்கமான மூடி உள்ள கண்ணாடி அல்லது உலோக டப்பா. பிளாஸ்டிக்கை எலி கடித்துவிடும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வையுங்கள், வெள்ளம் வரக்கூடிய இடம் என்றால் தலைக்கு மேலே. அடுப்புக்கு மேல் இருக்கும் அலமாரி பார்க்க வசதிதான், ஆனால் வீட்டிலேயே மோசமான இடம் அதுதான். சூடு ஏற ஏற எண்ணெயும் கடலையும் சீக்கிரம் காறிப்போகும். கட்டில் அடி, துணி அலமாரியின் கீழ்த்தட்டு, நாற்காலிக்குப் பின்னால், எங்கே குளிர்ச்சியும் இருட்டும் இருக்கிறதோ அங்கே.

எல்லாம் ஒரே காலம் தாங்காது. தீட்டிய வெள்ளை அரிசி ஈரமும் பூச்சியும் படாமல் வைத்தால் வருடக்கணக்கில் நிற்கும். தவிடு நீக்காத பழுப்பு அரிசி, அந்தத் தவிட்டிலுள்ள எண்ணெயால், ஆறு மாதத்திலேயே வாடை அடிக்க ஆரம்பிக்கும். உடம்புக்கு நல்லது என்று பழுப்பு அரிசியை மூட்டையாகச் சேர்ப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. முழுக் கோதுமை மாவும் அப்படித்தான். முழுப் பயறுகள் கெடாது, ஆனால் இரண்டு வருடம் தாண்டினால் எவ்வளவு ஊறவைத்தாலும் வேகாமல் அடம்பிடிக்கும், எரிபொருள் குறைவாக இருக்கும் நேரத்தில் அது பெரிய தொந்தரவு. டப்பாவுக்குள் போடும் ஆக்ஸிஜன் உறிஞ்சிப் பொட்டலம், காற்றை உறிஞ்சி மூடும் வெற்றிடப் பை எல்லாம் இரண்டு வாரக் கையிருப்புக்குத் தேவையில்லை.

தேதி

ஒரு மார்க்கர் பேனாவை அலமாரிக் கதவிலேயே நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். வாங்கி வந்ததும் மூடியின் மேல் மாதமும் வருடமும், பெரிதாக. புதியது பின்னால், பழையது முன்னால், சமையலுக்கு எப்போதும் முன்னால் இருப்பதையே எடுக்க வேண்டும். ஒன்றை எடுத்தால் அந்த வாரப் பட்டியலில் அதை எழுதிவிட வேண்டும். இந்தச் சின்னப் பழக்கம் இல்லாமல்தான் நிறைய அலமாரிகள் ஒரு வருடத்தில் குப்பையாகின்றன.

பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் தேதியில் இரண்டு விதம் உண்டு. இந்தத் தேதிவரை தரம் நன்றாக இருக்கும் என்பது ஒன்று. அது தாண்டினாலும் உலர்ந்த பொருளும் டின்னும் பெரும்பாலும் சாப்பிடத் தகுந்தவைதான், ருசி கொஞ்சம் மங்கலாம். இந்தத் தேதிக்குள் பயன்படுத்துங்கள் என்பது இன்னொன்று, அதை மீறாதீர்கள். குழந்தைக்கான பால் மாவில் ஒரு நாள்கூட மீறக் கூடாது. தக்காளி, அன்னாசி போன்ற புளிப்பு உள்ள டின் ஒன்றரை வருடத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது, பயறும் மீனும் இரண்டு முதல் ஐந்து வருடம் தாங்கும். எந்த டின்னானாலும் உப்பியிருந்தாலோ, கசிந்தாலோ, விளிம்பு மடிப்பில் ஆழமாக நசுங்கியிருந்தாலோ, திறக்கும்போது உள்ளிருப்பது பீய்ச்சியடித்தாலோ சுவைத்துப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். பாட்டுலிசம் என்ற உயிர்கொல்லி நோயைத் தரும் நச்சுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

கரண்ட் போன பிறகு

முதலில் ஃப்ரிட்ஜ், அப்புறம் ஃப்ரீஸர், கடைசியில் அலமாரி. இந்த வரிசையில்தான் சாப்பிட வேண்டும். கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜில் குளிர் சுமார் 4 மணி நேரம் நிற்கும், நிறைந்த ஃப்ரீஸரில் 48 மணி நேரம், பாதி நிறைந்ததில் 24. சும்மா சும்மா திறந்து பார்ப்பதுதான் குளிரைத் தின்னும். இந்த நாட்களில் ஒரு வேளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே சமையுங்கள். வெந்த சோற்றை வெளியில் வைத்து மறுவேளைக்குச் சூடாக்கிச் சாப்பிடுவது வயிற்றுக்கு ஆபத்து, அதில் வளரும் கிருமி விடும் நச்சு சூடாக்கினாலும் போகாது.

அடுப்பு என்ன என்பதை இப்போதே யோசியுங்கள். மின் அடுப்பு மட்டும் இருக்கும் வீட்டில் 17 கிலோ அரிசி இருந்து என்ன? சின்ன கேஸ் அடுப்பும் ஒரு உபரி சிலிண்டரும் பெரிய நிம்மதி. ஆனால் கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள் வைத்து எரிக்கவே கூடாது, ஜன்னல் திறந்திருந்தாலும். கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். எரிபொருள் மிச்சமாக, பயறை இரவே ஊறவைத்து பிரஷர் குக்கரில் வையுங்கள். குக்கர் இல்லையென்றால் அரிசியைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடியோடு கனமான போர்வையில் சுற்றி வையுங்கள், மிச்சம் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக யோசிக்க வேண்டியவை உண்டு. கைக்குழந்தை இருந்தால் பால் மாவு, அதற்கான தண்ணீர் தனிக் கணக்கில். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது, பசி என்றாலும். சர்க்கரை நோயாளிக்கு மேலே சொன்ன அரிசிக் கணக்கு சரிப்படாது, பயறையும் கடலையையும் கூட்டிக்கொள்ளுங்கள். பல் இல்லாத பெரியவர்களுக்கு ஓட்ஸ். மாத்திரைகளையும் இதே அலமாரியில் ஒரு டப்பாவில் வைத்து, தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து கொடுக்கலாம். இந்த அளவை ஒரு தாளில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள், பதற்றத்தில் நினைவுக்கு வராது. நாய் பூனை இருந்தால் அதுவும் ஒரு வாய்தான்.

மூன்று நாள் கையிருப்பு சேர்ந்ததும், ஒரு விடுமுறை நாளில் மெயின் சுவிட்சை அணைத்து, குழாயையும் மூடிவிட்டு, அலமாரியில் இருப்பதை மட்டும் வைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் நாலு மணி நேரத்துக்குள் அதற்கு மட்டும் கரண்ட் கொடுத்துவிடுங்கள், வீணாக எதுவும் கெட வேண்டாம். நாங்கள் செய்தபோது காலையிலேயே டின் திறப்பான் இல்லை என்பது தெரிந்தது. நான்கு டின் பயறை வரிசையாக மேசையில் வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். மதியம் தீப்பெட்டி நமத்திருந்தது. பாத்திரம் கழுவ இவ்வளவு தண்ணீர் போகும் என்று யாரும் நினைக்கவில்லை, சாயங்காலத்துக்குள் இரண்டு நாள் தண்ணீர் தீர்ந்தது. சின்னவள் பால் பவுடரில் போட்ட பாலைத் தொடவே இல்லை. ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டே வந்தோம்: திறப்பான், லைட்டர், காகிதத் தட்டு, இன்னும் பத்து பாட்டில் தண்ணீர், பால் பவுடருக்குப் பதில் வேறு ஏதாவது. அடுத்த ஐந்து வாரத்துக்கு என்ன வாங்குவது என்ற கேள்வி அதோடு முடிந்தது.